மேலண்டை வீட்டுத் தறியும் என் தபேலாவும்

சங்கரன்கோவிலை அமைதியான ஊர் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு வருகிற உறவுக்காரர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்து விட்டுவிட்டு, "இங்கதான் நிம்மதியா இருக்கு" என்பார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரு முழுக்க விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும். காதில் விழாமல் நான் "என்னது?" என்பேன். அவர்கள் தொண்டை கிழியக் கத்தி இன்னொரு தடவை சொல்வார்கள், நிம்மதியாக இருக்கிறதாம்.

இந்த ஊரில் நான் அமைதியைக் கண்டதில்லை. விடிவதற்குள் கோயில் ஒலிபெருக்கி தொடங்கும். அது ஓய்வதற்குள் பூக்கடைப் பக்கம் ஏலக் கூச்சல் எழும். பேருந்து நிலையத்தில் ராஜபாளையம் வண்டிக்காரர் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லியே அந்த ஊர்மேல் எனக்கு வெறுப்பு வர வைத்துவிட்டார். இறந்தவர் பெயரை ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். அதே ஆட்டோ மத்தியானம் அதே குரலில் பனியன் தள்ளுபடியைச் சொல்லும். ஆடித் தபசுக்கு வருகிற கூட்டம் என் வீட்டுப் படியில் தலை வைத்துப் படுத்துவிட்டு, நான் கதவைத் திறந்தால் என்னை ஏதோ திருடன்போல் பார்க்கும். இவை ஒவ்வொன்றும் எந்த மாதம் கூடும், எந்த மாதம் குறையும் என்பது எனக்குத் தெரியும். எதையும் நாளும் கிழமையுமாக நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். நூலகத்தில் உள்ளூர் வரலாறு என்று இருந்த அத்தனையையும் படித்திருக்கிறேன். கோயிலில் கொட்டு அடிப்பவனுக்கு இன்ன திசையில் இன்ன நிலம் கொடுத்தார்கள் என்று கல்வெட்டுகளில் வரும். அந்த ஆள் எப்படி அடித்தான், பக்கத்து வீட்டுக்காரன் அவனை என்ன சொல்லித் திட்டினான் என்பது ஒன்றில்கூட இல்லை. அந்தக் குறை எனக்கும் நேர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தபேலா வாசிப்பவன். பகலில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். சாயங்காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தேன், இன்னும் வாசிக்கிறேன். கடையநல்லூரில், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் நிறைந்த கல்யாண மண்டபங்களில் வாசித்திருக்கிறேன். வாசுதேவநல்லூரில் வயல் ஓரத்து மேடைகளில் கொசுக்கடியோடு வாசித்திருக்கிறேன். இளையரசனேந்தல் பக்கம் ஒரு கிராமத்தில் பாட்டு நடுவே மழை பிடித்துக்கொண்டது. மானாவாரிக்காரர்கள் மொத்தப் பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டி மழைக்குக் கை தட்டினார்கள். இத்தனை ஊரில் வாசித்த என்னை என் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. பங்குனி மாதக் கடைசிச் செவ்வாய் எங்கள் தெரு அம்மன் கொடை. மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி. வருஷா வருஷம் மதுரையிலிருந்து ஆள் வரும். நான் ஒரு முறை கமிட்டியில் கேட்டேன்.

"ஒம்ம வாசிப்பைத் தினமும் சும்மாத்தான கேக்கோம். அதுக்கு மேடை வேறயா?" என்றார்கள்.

சொன்னவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு அந்த மேடை வேண்டும். வேறு எந்த ஊர் மேடையும் அதற்கு ஈடில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இந்தத் தெருவில் பிறந்து, இந்தத் தெருவிலேயே கை பழகி, இந்தத் தெருவுக்கு முன்னால் மட்டும் உட்காராமல் போவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

என் வீட்டுக்கு மேற்கே ஒட்டிய வீட்டுக்காரர்தான் கொடைக் கமிட்டித் தலைவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கொரோனா அடங்கிய மறுவருஷம், தை மாதத்தில், அந்த வீட்டின் கிழக்குப் பக்கத்து அறையில் புதிதாகத் தறிகளை இறக்கினார். அந்த அறைக்கும் நான் வாசிக்கிற அறைக்கும் நடுவே ஒரே சுவர். இறக்கிய அன்று லட்டு கொடுத்தனுப்பினார்கள். தை வெள்ளி என்று என் மனைவி சொல்வாள். வியாழன்தான். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் இனிப்புச் செய்ய மாட்டார்கள்.

மாசி பிறப்பதற்குள் அவர் ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து நின்றார்.

"வே, இது என்னன்னு பாரும்."

"சேலை."

"சேலைன்னு எனக்கும் தெரியும். நடுவுல என்ன இருக்குன்னு பாரும்."

நடுவில் ஒன்றும் இல்லை. அதைத்தான் அவர் காட்ட வந்தார். ஒரு சாண் அகலத்துக்குக் குறுக்கு நூல் இல்லாமல், நெடுக்கு நூல் மட்டும் ஜன்னல் கம்பிபோல் நின்றது.

"இதுக்கு நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"செய்யாம இருக்கணும். நீரு கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

பிறகு விளக்கினார். ஓர் ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறான். ஒன்றைக் குனிந்து பார்க்கும்போது மற்றவற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறான். கண்ணால் பார்த்துக் கட்டுப்படியாகாது, காதால்தான் பார்க்கிறான். குறுக்கே போகிற ஊடை நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும், திரும்புவான். தறி நின்றால் ஓடுவான்.

"நீரு அங்கன இருந்து தட்டுதீரா, இங்கன இருக்கவனுக்கு எல்லாத் தறியும் ஒழுங்கா ஓடுத மாதிரியே கேக்கு. ஊடை அறுந்தது தெரியமாட்டேங்கு. நீரு பொசுக்குன்னு நிறுத்துதீரா, தறி நின்னு போச்சுன்னு கையில இருக்க வேலையப் போட்டுட்டு ஓடுதான். ஓடிப்போய்ப் பாத்தா ஓடிக்கிட்டுக் கெடக்கு. இதே சோலியாப் போச்சு வே."

"அப்பம் என் வாசிப்பு தறிச் சத்தம் மாதிரி இருக்குங்கீரு."

"மாதிரி என்ன மாதிரி? தறியேதான்."

சேலையைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்தச் சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. காரணம், இதை ஏற்கெனவே இன்னொருவர் சொல்லியிருந்தார். எங்கள் குழுத் தலைவர் கடையநல்லூர்க்காரர், கீபோர்டு வாசிப்பவர். எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் மூன்றாவது அடிக்குள் என் கை ஒரே வேகத்துக்கு வந்துவிடுகிறது என்று மேடையிலேயே பல்லைக் கடிப்பார். "தாலாட்டுப் பாட்டு அண்ணாச்சி, பிள்ளை தூங்கணும். நீங்க தறி ஓட்டுதீங்க" என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொன்னார். அவரும் மேலண்டை வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

நான் என்ன செய்ய முடியும்? தொட்டிலில் கிடந்தபோதே என் காதில் விழுந்தது அந்தச் சத்தம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்னதும் அந்த வேகத்தில்தான். மற்ற ஊர்க்காரர்களுக்கு நெஞ்சு அடிக்கும், எங்கள் தெருவில் தறி அடிக்கும். இதைக் கெட்ட பழக்கம் என்று குழுத் தலைவர் சொன்னால் அது இந்த ஊர் எனக்குக் கொடுத்த கெட்ட பழக்கம். அதே ஊர் இப்போது அதையே சொல்லி என் கையைக் கட்ட வந்தது.

அன்றிலிருந்து சண்டை. நான் தபேலாவை எடுத்ததும் அவர் சுவரில் உலக்கையால் இடிப்பார். நான் இன்னும் ஓங்கி வாசிப்பேன். அவர் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற எந்திரத்தைக் கொண்டுவந்து சுவரை ஒட்டிப் போட்டார். நான் மைக் வாங்கினேன். இரு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்த கறிவேப்பிலையும் மோர்க்குழம்பும் நின்றன. அவர் வீட்டம்மா என் மனைவியைக் கண்டால் முகத்தைத் தெருவுக்குத் திருப்பிக்கொள்வார். என் மனைவி என் பக்கமும் இல்லை.

"ரெண்டு பேரும் ஒரே சத்தத்தைத்தான போடுதீங்க. இதுல என்ன சண்டை வேண்டிக் கெடக்கு? மூணாவதா ஒரு சத்தம் நான் போட்டா ரெண்டு பேரும் தாங்கமாட்டீங்க" என்றாள்.

ஆடித் தபசுக் கூட்டம் வடிந்து ஆவணி பிறந்ததும் கொடைக்கு வரி போடத் தெருக்காரர்கள் அம்மன் கோயில் முன்னால் கூடுவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் மேலண்டை வீட்டுக்காரர் சேலையை விரித்துக் காட்டிவிட்டார். தறி வைத்திருந்தவர்கள் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்து, துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல் தலையை ஆட்டினார்கள். தறி ஓடும்போது நான் வாசிக்கக் கூடாது என்று முடிவானது.

"தறி எப்பம் ஓடாது?" என்று கேட்டேன்.

"கரண்டு இல்லாதப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபத்தில் காது சூடேறியது.

"சரி. நான் கைய வைக்கல. ஆனா பங்குனிக் கொடைக்கு என் செட்டைக் கூப்பிடணும்."

"உள்ளூர்க்காரனுக்கு எதுக்கு வே மேடை? வாசல்ல நின்னாலே கேக்குமே."

"கரண்டு இல்லாத அன்னைக்குத்தான இனிமே கேக்கும். காசு குடுத்து மதுரைக்காரனைக் கேக்கலாம், வாய மூடிக்கிட்டு இருக்க நம்மாளக் கேக்கக் கூடாதோ?"

மேலண்டை வீட்டுக்காரர் மீசையைத் தடவினார். நான் பங்குனிவரை தாக்குப்பிடிக்க மாட்டேன் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"பங்குனி வரைக்கும் தறி ஓடுதப்பம் ஒரு தட்டு கேக்கக் கூடாது. கேட்டுச்சுன்னா இந்த வருஷம் இல்ல, எந்த வருஷமும் மேடை கெடையாது. சம்மதமா?"

"சம்மதம்."

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எப்படிக் காப்பாற்றினேன் என்பதை இந்த ஊர் அறியாது, அறிய விரும்பவும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் நிறுத்துகிற நாளுக்காகக் காத்துக்கிடந்தேன். அன்று தெருவே வாசலில் வந்து வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நான் உள்ளே வாசிப்பேன். மேலண்டை வீட்டுக்காரர் கட்டிலை வேண்டுமென்றே என் ஜன்னலுக்கு நேரே போட்டுப் படுத்துக்கொள்வார். "கரண்டு எப்பம் வரும்?" என்று யாராவது கேட்டால், "வந்தா நல்லாருக்கும். இது நிக்கும்" என்பார்.

அந்த நாட்களில் ஒன்று தெரிந்துகொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. தறிச் சத்தம் இல்லாதபோது என் கை தள்ளாடியது. வேகம் கூடும், இறங்கும், எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சுவரைப் பிடித்தே நடந்து பழகியவனை வெட்டவெளியில் விட்டதுபோல் இருந்தது. கடையநல்லூருக்குச் சனிக்கிழமைகளில் ஒத்திகைக்குப் போவேன். பேருந்தில் மடியிலிருந்த பையின்மேல் விரல் தானாக ஓடும். பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்சம் விலகி உட்கார்ந்து, "அண்ணாச்சி, பைக்குள்ள கோழியா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

மார்கழியில் ஒரு நாள், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேலண்டை வீட்டுக்காரர் தேன் குழைத்த குரலில் என் வாசலுக்கு வந்தார்.

"என்ன வே, வீடே வெறிச்சுன்னு கெடக்கு. ஒரு வாட்டி தட்டிப் பாருமேன். கேக்கணும்போல இருக்கு."

அவருக்குப் பின்னால் கமிட்டியைச் சேர்ந்த இரண்டு பேர் வேப்பமரத்து மறைவில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"தொண்டை சரியில்ல அண்ணாச்சி."

"தபேலாவுக்கு என்னத்துக்குத் தொண்டை?"

"ஒமக்குப் பதில் சொல்லுததுக்கு வேணும்லா."

பொங்கலுக்கு வந்த மகள், "சென்னைக்கு வந்திருங்கப்பா. நாள் முழுக்க வாசிங்க, யாரும் கேக்கமாட்டாங்க" என்றாள். அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. யாரும் கேட்காத ஊரில் நான் எதற்கு வாசிக்க வேண்டும்? இங்கே சுவரை இடிக்கவாவது ஓர் ஆள் இருக்கிறார். ஆட்டுக்கறி வாங்கப் போனால் கடைக்காரர் எலும்பைக் கூடப் போட்டுவிட்டு, "என்ன அண்ணாச்சி, விரதமாம்லா?" என்று கிண்டல் செய்கிறார். மருந்துக்கடையில் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே, "கைக்கா, வாய்க்கா?" என்கிறார்கள். இந்த ஊரை எனக்குப் பல சமயம் சகிக்க முடியவில்லை. ஆனால் என்னைத் தெரியாமல் ஒருவரும் என்னைத் திட்டுவதில்லை. இதை மகளிடம் எப்படிச் சொல்வது? "யோசிக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

பங்குனி வந்தது. தறி ஓடும்போது நான் ஒரு தட்டும் தட்டவில்லை. வேறு வழியின்றி என் குழுவைக் கூப்பிட்டார்கள். விளம்பரத் தட்டியில் மதுரைக் குழுவுக்கு எப்போதும் போடுகிற 'மாபெரும்' என்ற சொல்லை எங்களுக்குப் போடவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

கொடைக்குப் பந்தல்கால் நட்டுவிட்டால் முடிகிறவரை எங்கள் தெருவில் தறி ஓடாது. செவ்வாய்க்கிழமை அம்மனுக்குப் படைப்பு. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேடையேறினேன். தெரு முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசையில் மேலண்டை வீட்டுக்காரர், தோளில் புதுத் துண்டு. அவருக்குப் பின்னால் தறிகளைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள், அவர்களுடைய வீட்டார். எல்லாரும் தெரிந்த முகம். தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை.

முதல் பாட்டிலேயே என் கை நழுவியது. குழுத் தலைவர் கீபோர்டிலிருந்து தலையை எடுக்காமல், "அண்ணாச்சி, எங்க போறீங்க?" என்று முணுமுணுத்தார். நான் கைகளை இறுக்கிப் பிடித்துச் சமாளித்தேன். இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டு. வேறு ஊர்களில் இப்படி இருந்தால் கூட்டம் கத்தும். என் தெரு கத்தவில்லை. பஜ்ஜிக் கடைக்குப் போனது. "நம்மாளுதான, இங்கதான இருப்பாரு" என்று ஒருவர் எழுந்துபோகும்போது சொன்னது மைக்கில்லாமலே எனக்குக் கேட்டது. அதைவிட அவர்கள் செருப்பைக் கழற்றி எறிந்திருக்கலாம்.

பாட்டுப் பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டியது. அவள் வெந்நீர் குடித்துவிட்டு வரும்வரை என்னைத் தனியாக வாசிக்கச் சொன்னார் குழுத் தலைவர். அவருக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

நான் வாசித்தேன். யாருடைய பாட்டுக்கும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்றதும் என் கை தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போனது. தறி வேகம். அது வந்ததுமே எனக்குக் கால் தரையில் ஊன்றியது. தள்ளாட்டம் நின்றது. பின்வரிசையில் பேச்சு அடங்கியது. பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அப்படியே நின்றார். தறிக்காரர்களின் முகத்தில் ஒரு மாற்றம். கச்சேரி கேட்கிற முகம் போய் வேலையில் இருக்கிற முகம் வந்தது. நான் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுற்றுக்குமேல் சுற்றாகக் கொண்டுபோய், உச்சத்தில் சட்டென்று நிறுத்தினேன். ஒரு மூச்சு நேரம்தான். வாசிப்பவர்கள் எல்லாரும் விடுகிற இடைவெளிதான்.

நாற்காலிகள் கிரீச்சிட்டன. முன்வரிசைக்குப் பின்னாலிருந்த தறிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மேலண்டை வீட்டுக்காரர் எழுந்தது மட்டுமல்ல, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நாலெட்டு ஓடிவிட்டார். அதற்குள் நான் மறுபடி வாசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் நடுத்தெருவில் நின்று திரும்பினார்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணாச்சி, நின்னது தறி இல்ல, தபேலா!"

தெருவே வெடித்தது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் புரண்டார்கள். எழுந்த தறிக்காரர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலிக்கு வந்தார். என்னைப் பார்த்தார். நான் அதோடு முடித்துக்கொண்டிருக்கலாம். குழுத் தலைவரும் கண்ணால் அதைத்தான் சொன்னார்.

நான் இன்னொரு சுற்றுப் போனேன். மறுபடி நிறுத்தினேன். மறுபடி எழுந்தார்கள். அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. கூட்டம் விசிலடித்தது. உலக்கை இடிகள், மார்கழித் தேன் குரல், 'மாபெரும்' இல்லாத தட்டி, எல்லாம் என் விரலில் இருந்தன. மூன்றாம் சுற்றில் அவர் பொறுக்க முடியாமல் மேடைக்கு அடியிலேயே வந்துவிட்டார்.

"நிறுத்துலே கோட்டிக்காரப் பயலே! நிறுத்து!"

நிறுத்தினேன். அவர் சொல்லித்தான் நிறுத்தினேன். தறிக்காரர்கள் மொத்தமாக எழுந்தார்கள். மேடைக்கு அடியில் நின்றவர் தன்னை அறியாமல் தன் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு யார் என்ன பாடினார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கும் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே அவர் கோயில் வாசலில் நின்று, தான் தலைவராக இருக்கும்வரை இந்த ஆள் அந்த மேடையில் கால் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். யாரும் மறுக்கவில்லை. அந்த ஆவணியில் மதுரைக் குழுவுக்கே முன்பணம் போயிற்று. அடுத்த பங்குனிக் கொடையில் 'மாபெரும்' என்ற சொல்லோடு மதுரைக்காரர்கள் வாசித்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் வாசித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் ஊர் விடவில்லை. டீக்கடையில் மேலண்டை வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தால் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் சட்டென்று நிறுத்துவார்கள். பூக்கடையில், வங்கியில், முடிவெட்டுகிற இடத்தில், எங்கேயும் அவர் நுழைந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, எழுகிறாரா என்று பார்ப்பார்கள். பேருந்து கிளம்பத் தாமதமானால், "அண்ணாச்சி எந்திரிங்க, வண்டி நின்னுட்டு" என்பார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். இரக்கமில்லாத ஊர் இது. எனக்கும் இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் அதையும் நாளோடு எழுதியிருப்பேன். நான் மட்டும் மறுபடி வாசிக்கத் தொடங்கினேன், தறி ஓடும்போதே. வாக்கு பங்குனிவரைதான். மேடையே இல்லை என்றான பிறகு எதற்குச் சும்மா இருக்க வேண்டும்? அவரும் சுவரை இடித்தார்.

இந்த ஆவணிக் கூட்டத்தில் வழக்கம்போல் மதுரைக் குழுவின் பெயரைச் சொன்னார்கள். மேலண்டை வீட்டுக்காரர் கையை உயர்த்தினார்.

"மதுரை வேண்டாம். இவரையே கூப்பிடுங்க."

கூட்டம் வாயைப் பிளந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் முன்வரிசைல நட்டநடுவுல உக்காருவேன். நீரு எத்தன வாட்டி வேணும்னாலும் நிறுத்தும். நான் எந்திரிக்கமாட்டேன். கொடை முடியுததுக்குள்ள ஒரு வாட்டிகூட நான் எந்திரிக்கலன்னா, நீரு தபேலாவைக் கட்டித் தூக்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிரணும். இந்தத் தெருவுல அந்தச் சத்தம் கேக்கவே கூடாது."

"எந்திரிச்சீர்னா?"

"சுவர்ப் பக்கம் இருக்க தறியெல்லாத்தையும் பின்கட்டுக்கு மாத்திருதேன். நீரு ஒம்ம இஷ்டத்துக்குத் தட்டும்."

கூட்டத்தில் ஒரு சீழ்க்கை. நியாயமான பந்தயம் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. தோற்றால் தெரு போகும், அது புரிந்தது. ஜெயித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தறி இருக்காது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தறிய மாத்த வேண்டாம்" என்றேன். "அது அங்கனயே கெடக்கட்டும்."

"பின்ன என்ன வே வேணும்?"

"மேடை. வருஷா வருஷம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்திருப்பார். கூட்டத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். என் மனைவி மட்டும் பெண்கள் பக்கமிருந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி" என்றார்.

இப்போது ஐப்பசி. மழை பெய்கிறது. தறி ஓடும்போது நான் வாசிக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவருக்குப் பழக வேண்டியிருக்கிறது. தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்கிறாராம். எழுந்தால் சொல்லும்படி ஓர் ஆளையும் நிறுத்தியிருக்கிறார். நான் எங்கே நிறுத்துவேன் என்று அவருக்குப் பிடிபடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு நாளும் இடத்தை மாற்றுகிறேன். சில நாள் ஆரம்பத்திலேயே விடுகிறேன். சில நாள் ஒரு மணி நேரம் விடாமல் அடித்து, அவர் அசந்திருப்பார் என்று தோன்றும்போது விடுகிறேன். குழுத் தலைவரிடம் சொன்னேன். "பாட்டு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, பங்குனிக்கு இதையே வச்சிக்கிடுவோம்" என்றார்.

நேற்று புதன்கிழமை. நெடுநேரம் வாசித்துவிட்டு, வலது கையை மட்டும் ஓட்டிக்கொண்டே போய், நிறுத்தினேன். சுவரில் காதை வைத்தேன். தறிகளுக்கு நடுவே இரும்புக் கால் சிமெண்டுத் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த ஆளின் குரல்.

"அண்ணாச்சி, எந்திரிச்சிட்டீங்க."

"வாய மூடிக்கிட்டு ஊடையப் பாருலே, சவத்து மூதி!"

நான் மறுபடி தொடங்கினேன்.